வெள்ளை எண் பலகை வண்டியும் பார்க்க முடியாத ஏரிகளும்: மணாலியில் பைக் வாடகைக்கு எடுப்போர் கவனத்துக்கு

சென்ற ஆகஸ்டில் நானும் என் கணவரும் மணாலியில் ஒரு பைக்கை வாடகைக்கு எடுத்து, லடாக்கில் உள்ள லே வரை சென்று, அங்கிருந்து பாங்காங், சோ மோரிரி ஆகிய இரண்டு ஏரிகளையும் பார்த்துவிட்டுத் திரும்பத் திட்டமிட்டிருந்தோம். லே போய்ச் சேர்ந்தோம். ஏரிகளுக்கு அந்த வண்டியில் போக முடியவில்லை. போக முடியாது என்பது வாடகைக்குக் கொடுத்தவருக்கு முதல் நாளே தெரிந்திருந்தது என்பதுதான் இதை எழுதக் காரணம்.

முன்பதிவின்போது அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் இருந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் வண்டியின் எண் பலகை கறுப்பு, எழுத்துகள் மஞ்சள். அந்த நிறத்துக்கு ஒரு பொருள் உண்டு என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. பத்து நாள் வாடகையில் பாதியையும், டெபாசிட்டாக 10,000 ரூபாயையும் அனுப்பினோம். நேரில் போனபோது, அந்த வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்பதாகச் சொல்லி, அதே வகையில் வெள்ளைப் பலகை கொண்ட வேறொன்றைக் கொடுத்தார். வண்டியின் பதிவுச் சான்றிதழான ஆர்.சி.யில் இருந்தது அவர் பெயரும் அல்ல, கடையின் பெயரும் அல்ல. இது யாருடைய வண்டி என்று நான் கேட்டதற்கு, வழியில் யாராவது கேட்டால் நண்பருடையது என்று சொல்லிவிடும்படியும், லடாக் முழுவதும் போகலாம், தான் பொறுப்பு என்றும் சொன்னார். பொய் சொல்லச் சொன்ன அந்த நிமிடமே நாங்கள் வெளியே வந்திருக்க வேண்டும். விடுப்பும் விடுதியும் முடிவான பிறகு யார்தான் வெளியே வருவார்கள்?

பயணத்தின் அழகைப் பற்றி எழுத இது இடமல்ல. பாரலாச்சா கணவாய்க்குச் சற்று முன்பு சாலையோரத்திலேயே கிடக்கும் சூரஜ் தால் ஏரியை மட்டும் என்னால் சொல்லாமல் விட முடியவில்லை, ஏனென்றால் நாங்கள் நினைத்தபடி பார்த்த ஏரி அது ஒன்றுதான். கணவாயைத் தாண்டி சார்ச்சுவுக்கு இறங்கும்போது பின் பிரேக் தேய்ந்து கிறீச்சிட்டது. மறுநாள் 21 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கட்டா லூப்ஸ் ஏற்றத்தில், இருவரையும் பைகளையும் சுமந்த வண்டியின் செயின் பல்சக்கரத்தில் வழுக்கத் தொடங்கியது. 4,000 மீட்டருக்கும் மேலான அந்த உயரத்தில் நான் இறங்கி, நான்கு வளைவுகளை மூச்சிரைக்க நடந்தே ஏறினேன். இருக்கைக்கு அடியில் இருக்க வேண்டிய கருவிப் பை இல்லை. ஒரு லாரி ஓட்டுநர் தந்த ஸ்பேனரால்தான் செயினை இறுக்கினோம்.

லே 3,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால், உடல் பழகுவதற்காக இரண்டு நாள் தங்கிவிட்டு, மூன்றாம் நாள் காலை பாங்காங்குக்குப் புறப்பட்டோம். சாங் லா கணவாய்க்குச் செல்லும் சாலை பிரிகிற காரு என்ற ஊரில் உள்ளூர் வாடகை வண்டிக்காரர்களின் சங்கத்தினர் எங்களை நிறுத்தி, ஆர்.சி.யையும் எங்கள் அடையாள அட்டையையும் கேட்டார்கள். நண்பரின் வண்டி என்று என் கணவர் தொடங்கியதும், அவர்களில் வயதானவர் சிரித்துவிட்டு, அந்த மாதத்தில் அதே பதிலை எத்தனை பேர் சொன்னார்கள் என்று தமக்கே நினைவில்லை என்றார். சொந்தப் பெயரில் உள்ள வண்டியில் எங்கிருந்து வந்தாலும் தடையில்லை. வெளியூர்களில் வாடகைக்கு எடுத்த வண்டிகள் லே வரை வரலாம், அதற்கு மேல் பாங்காங், நுப்ரா, சோ மோரிரி ஆகிய இடங்களுக்கு லடாக்கின் வாடகை வண்டியில்தான் போக வேண்டும் என்பது அவர்கள் பல ஆண்டுகளாகக் கடைப்பிடிக்கும் ஏற்பாடு. அது சரியா என்று வாதிடலாம். ஆனால் சாலையில் நின்று வாதிட்டுப் பயனில்லை. எங்களிடம் அவர்கள் கடுமையாக நடந்துகொள்ளவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

கடைக்காரரை அழைக்க முயன்றபோது அடுத்த பாடம் கிடைத்தது: வெளிமாநில ப்ரீபெய்டு சிம்கள் லடாக்கில் இயங்குவதில்லை, எங்களுடையவை இரண்டும் ப்ரீபெய்டு. லே திரும்பி விடுதி இணையத்தில் அனுப்பிய செய்திகளை அவர் படித்தார், பதில் அனுப்பவில்லை. அவருடைய வண்டியை விடுதி முற்றத்தில் நிறுத்தி, அதற்கும் நாள் வாடகை ஓடிக்கொண்டிருக்க, லேயில் கறுப்புப் பலகை வண்டி ஒன்றை இரண்டு நாளுக்கு எடுத்துப் பாங்காங் மட்டும் போய்வந்தோம். சோ மோரிரிக்கு நாளும் இல்லை, பணமும் இல்லை.

மணாலியில் வண்டியை ஒப்படைத்தபோது, செயினும் பிரேக்கும் எங்களால் தேய்ந்தன என்று சொல்லி, டெபாசிட்டில் 6,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டார். எடுக்கும்போது நாங்கள் எடுத்த காணொளியில் வண்டியின் இரு பக்கங்களும் இருந்தன, செயின் இல்லை. கீறல்களைப் பார்த்துப் படம் பிடிப்பவர்கள் செயின், பிரேக் பட்டை, டயர் ஆகியவற்றையும் அருகிலிருந்து படம் பிடியுங்கள்.

வாடகைக்கு விட உரிமம் பெற்ற வண்டிக்குத்தான் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. வெள்ளைப் பலகை சொந்த உபயோகத்துக்கானது. அதை வாடகைக்கு விடுவதே சட்டத்துக்குப் புறம்பானது, விபத்து நேர்ந்தால் வண்டியின் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் அதுவே போதும். ஆகவே ஏரிகள் கைவிட்டுப் போனதைவிட, அந்த மலைச் சரிவுகளில் ஐந்து நாள் காப்பீட்டின் துணையே இல்லாமல் போயிருக்கிறோம் என்பதுதான் இப்போது நினைத்தாலும் என்னை அச்சுறுத்துகிறது. எண்ணைக் கொடுத்தால் அரசின் எம்பரிவாகன் செயலியே வண்டியின் விவரத்தைக் காட்டிவிடும். பணம் அனுப்புமுன் எண்ணைக் கேளுங்கள், தர மறுத்தால் வேறு கடை பாருங்கள்.

இவ்வளவு தூரம் வந்து யார் வழக்குப் போடப்போகிறார்கள் என்ற நம்பிக்கையில்தான் இத்தகையவர்கள் தொழில் செய்கிறார்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். நாங்கள் முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தோம். இரண்டு வாரம் கழித்து அந்தக் கடைக்காரரே அழைத்து, புகாரைத் திரும்பப் பெற்றால் 3,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். முழுத் தொகையும் லேயில் எடுத்த வண்டியின் வாடகையும் வேண்டும் என்று எழுத்தில் பதில் அனுப்பிவிட்டு, ஆணையத்துக்கான மனுவைத் தயாரித்துக்கொண்டிருக்கிறோம்.