கான்சு வெண்கலக் குதிரையின் நகல்: சிலைக்குப் பாராட்டு, கையேட்டுக்குக் குட்டு

சீனாவின் கான்சு மாகாணத்து வூவெய் நகரில், கிழக்கு ஹான் அரசமரபுக் காலத்துக் கல்லறை ஒன்றிலிருந்து 1969-இல் வெளிப்பட்ட வெண்கலக் குதிரையின் நகலை இணையக் கடை ஒன்றில் வாங்கினேன். 34.5 செ.மீ. உயரமும் 45 செ.மீ. நீளமும் உடைய மூலச்சிலையில் ஏறத்தாழப் பாதியளவே இது இருக்கும். விளம்பரத்தில் உள்ள 'வெண்கலப் பூச்சு' என்பதில் பூச்சு என்ற சொல்லை விட்டுவிடாமல் படிக்க வேண்டும். உள்ளே இருப்பது ரெசின்தான். ஆயினும் செம்புக் களிம்பின் பச்சையைப் பள்ளங்களில் தங்கவிட்டு, மேடான இடங்களைத் துடைத்து மெருகேற்றியிருப்பதால் பார்வைக்குப் பழமை குறையவில்லை.

கால்களை அமைத்த விதமே இதன் சிறப்பு. மூன்று கால்கள் அந்தரத்தில் இருக்க, ஒரு பின்னங்குளம்பு மட்டும் பறவையின் முதுகில் ஊன்றியிருக்கிறது. ஒரே பக்கத்து முன்காலும் பின்காலும் ஒருசேர வீசப்படும் மூலத்தின் ஓட்டம் பிசகாமல் வந்திருக்கிறது. விரைந்து சென்றாலும் சவாரி செய்பவரை அதிகம் குலுக்காத நடை அது என்பதால், நெடும்பயணக் குதிரையின் தகுதியையே சிற்பி வடித்திருக்கிறார் என்று கொள்ளலாம்.

உடன் வந்த இரண்டு பக்கக் கையேடுதான் ஏமாற்றம். 'பட்டு வணிகத்தின் நினைவுச்சின்னம்' என்று அது குதிரையைப் பட்டுக்குத் துணையாக்கிவிடுகிறது. உண்மையில் அந்த வணிகம் நடந்த பட்டுப் பாதை திறந்ததில் குதிரைக்குப் பெரும்பங்கு உண்டு. சியோங்னு நாடோடிகளின் குதிரைப்படையால் அலைக்கழிந்த ஹான் பேரரசர் வூ, கூட்டாளிகளைத் தேடி கி.மு. 138-இல் சாங் சியானை மேற்கே அனுப்பினார். இடையில் பல ஆண்டுகள் சிறைப்பட்டிருந்து திரும்பிய அத்தூதர், இரத்தமாய் வியர்க்கும் என்று பேசப்பட்ட, மத்திய ஆசியாவின் ஃபெர்கானா நாட்டுக் குதிரைகளைப் பற்றிய செய்தியையும் கொண்டுவந்தார். பொன் கொடுத்துக் கேட்டும் அந்நாட்டார் தர மறுத்து, குதிரை கேட்கப் பின்னர் சென்ற வேறொரு தூதரையும் கொன்றுவிட, கி.மு. 104-இல் தொடங்கிய போர் மூன்றாண்டுகள் நீடித்தது. அதன்பின் அந்தக் குதிரைகள் சீனாவுக்கு வந்தன. அவற்றின் தீவனமான குதிரைமசாலின் விதையும், திராட்சை விதையும் தூதர்கள் வழியே வந்து அரண்மனைகளைச் சுற்றி விளைந்தன. ஒரு விலங்கை வாங்கப் போய் வேளாண்மையே மாறிய இச்செய்தியைக் கையேட்டில் ஒரு வரியிலாவது சேர்த்திருக்கலாம்.

குதிரை வணிகம் தரைவழியே மட்டும் நடந்தது என்ற கையேட்டின் கூற்றும் தவறு. காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் குவிந்த பண்டங்களை அடுக்கும் பட்டினப்பாலை, 'நீரின் வந்த நிமிர்பரிப் புரவி'யைத்தான், அதாவது கடல்வழி வந்த குதிரையைத்தான், முதலில் சொல்கிறது. தமிழ்நாட்டில் விற்கும் பொருளுக்கு இதை அறிந்து எழுதியிருக்க வேண்டாமா?

கட்டி அனுப்பிய விதத்தில் குறையில்லை. ஆனால் எடை முழுவதையும் தாங்கும் பறவையின் அடிப்பாகம் குறுகலாக இருப்பதால், மேசை சற்று அதிர்ந்தாலும் சிலை முன்பக்கம் சாய்கிறது. மரப்பீடம் ஒன்றில் ஒட்டி வைத்த பிறகே நிலைத்தது. பீடத்தையும் சேர்த்தே விற்றால், சற்றுக் கூடுதல் விலை கொடுக்கவும் தயங்கமாட்டேன்.