ஃபிரிட்ஜ் வால்வுக்கு 6,800 ரூபாய், மாட்டியது அதே பழைய வால்வு!

டபுள் டோர் ஃபிரிட்ஜ். ஐஸ் விழவில்லை, கதவில் தண்ணீரும் வரவில்லை. போனில் ஆள் புக் செய்யும் ஆப் ஒன்றில் போட்டேன். கழுத்தில் ஐடி கார்டு, காலுக்கு உறை, வாசலிலேயே “வணக்கம் மேடம்”. ஃபிரிட்ஜை இழுத்து, பின்னால் காதை வைத்துப் பார்த்துவிட்டு, “வாட்டர் வால்வ் காயில் எரிஞ்சு போச்சு மேடம். எங்க வீட்டு ஃபிரிட்ஜ்னு நினைச்சுப் பண்ணித் தரேன்” என்றார். (ஃபிரிட்ஜுக்குள் தண்ணீரைத் திறந்துவிடும் மின்சார வால்வு அது; காயில் என்பது அதன் கம்பிச்சுருள்.) அந்த ஒரு வார்த்தையில்தான் நம்பினேன். 6,800 ரூபாய்! மின்சாரம் சோதிக்கும் மீட்டரைக்கூட வெளியே எடுக்கவில்லை.

கொஞ்ச நாள் தண்ணீர் வந்தது. அப்புறம் நூல் மாதிரி, அப்புறம் அதுவும் இல்லை.

தெருமுனை ஏசி மெக்கானிக் அண்ணனைக் கூப்பிட்டேன். ப்ளக்கைப் பிடுங்கினார், குழாயை மூடினார், வால்வின் ஒயரைக் கழற்றி இரண்டு பின்னிலும் மல்டிமீட்டரை வைத்தார். ரீடிங் காட்டியது. காயில் எரிந்திருந்தால் ரீடிங்கே வராதாம். வால்வைக் கழற்றினால், தண்ணீர் நுழையும் வாயில் உள்ள சின்ன வலை முழுக்க போர் தண்ணீர் உப்பு, சுண்ணாம்பு பூசியதுபோல. வால்வின் உடம்பில் அச்சடித்திருந்த வருஷம் 2019. பில்லில் “புதிய வால்வ்”! வலையைத் தட்டித் துடைத்ததற்கா 6,800 ரூபாய்?

ஆப்பில் கேட்டால் “சிரமத்துக்கு வருந்துகிறோம்”. வந்தவரைக் கேட்டால் “ஆபீஸ்ல பேசிக்கோங்க மேடம்”, அதற்குப் பிறகு போனையே எடுப்பதில்லை. 30 நாள் வாரண்டி என்றால், தண்ணீர்த் தரத்தால் வரும் பழுதுக்குப் பொருந்தாதாம். இவர்கள் கணக்கில் பழைய வால்வைப் புதுசு என்று விற்பதும் தண்ணீர்த் தரத்தில் சேர்த்தி போல. ஆப்பில் நடந்த சாட் உரையாடலையும் மூடிவிட்டார்கள்.

எப்படிச் சோதிப்பது என்று விவரமாக எழுத உட்கார்ந்தேன், கோபத்தில் கை ஓடவில்லை. மீட்டர் வைக்காமல் “காயில் போச்சு” என்றால் அனுப்பிவிடுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்குங்கள். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் தண்ணீர் சொட்டினால் வால்வ் சரியாக மூடவில்லை. மாடித் தொட்டித் தண்ணீர் என்றால் அழுத்தத்தையும் பாருங்கள். 10 மீட்டர் உயரத்துக்கே ஒரு ‘பார்’ (அழுத்தத்தின் அலகு) அளவுதான் கிடைக்கும். என் 6,800-க்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன்.