எடை குறைக்க வாங்கிய கருவிகள்: மூன்று வருடம் கழித்து என்னிடம் எது மிஞ்சியது

2022 ஜூலையில் என் எடை 78.4 கிலோ. உயரம் 156 செ.மீ., வயது 43. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியான எச்பிஏ1சி 6.2 காட்டியது. ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு, முதல் நிலை. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோயின் வாசல், 6.5 ஆனால் உள்ளே வந்துவிட்டதாக அர்த்தம் என்று டாக்டர் விளக்கினார். "மாத்திரை இப்ப வேண்டாம். ஆறு மாசம் பார்ப்போம், எடையைக் குறைச்சுட்டு வாங்க" என்றார். சர்க்கரையால் அம்மாவுக்கு கால் விரல் எடுத்தபோது பக்கத்தில் இருந்தவள் நான். அன்று இரவே போனில் ஒரு டயட் செயலியை இறக்கினேன்.

இப்போது 2025 ஆகஸ்ட். எடை 68.9. எச்பிஏ1சி 5.7. நடுவில் 66.8 வரை இறங்கி, 71.2 வரை ஏறி, மறுபடி இறங்கி இங்கே நிற்கிறேன். உயரத்துக்கு எடை சரியா என்று காட்டும் பிஎம்ஐ கணக்கில் 32.2 இருந்தது 28.3 ஆகியிருக்கிறது. நம் உடம்புக்கு 23-க்கு மேலே போனாலே அதிக எடை, 25-க்கு மேல் உடற்பருமன் என்பதால், நான் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று வருடம் செயலி, அடிகளை எண்ணக் கையில் கட்டும் பேண்ட், தராசு என்று பலதையும் பயன்படுத்திய பிறகு, எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்று தெளிவாகத் தெரியும். அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் செயலி. காலை இட்லி முதல் ராத்திரிப் பால் வரை எல்லாவற்றையும் பதிந்தேன். ஒரு நாளைக்கு 1,350 கலோரிக்கு மேல் போகவே இல்லை என்று பச்சை வட்டம் காட்டியது. ஆறு வாரம் முடிந்தது. குறைந்தது 700 கிராம். செயலியில் இருந்த பயிற்சியாளரிடம் கேட்டால், ஓட்ஸும் ப்ரோக்கோலியும் அடங்கிய ஒரு பட்டியல் வந்தது. எனக்கு முன்னால் எத்தனை பேருக்கு அதே பட்டியல் போயிருக்குமோ தெரியவில்லை. மதுரையில் காலை எட்டரைக்குக் கிளம்பி ஜவுளி மொத்தக் கடையின் கணக்குப் பிரிவில் மாலை வரை உட்கார்ந்திருக்கும் ஒருத்திக்கு அது உதவாது.

தப்பு எங்கே என்று காட்டியது, 400 ரூபாய்க்கு வாங்கிய சமையலறைத் தராசு. ஐந்து கிலோ வரை நிறுக்கும், ஒரு கிராம் துல்லியம். ப்ளூடூத் எதுவும் கிடையாது. செயலியில் 'ஒரு கிண்ணம் சாதம்' என்றால் 150 கிராம். என் தட்டில் நான் ஒரு கிண்ணம் என்று நினைத்துப் போட்டதை நிறுத்தேன்: 260 கிராம். வெந்த சோறு 100 கிராமுக்குச் சுமார் 130 கலோரி. ஆக ஒரு வேளைக்கே 140 கலோரிக்கு மேல் கணக்கில் வராமல் போயிருக்கிறது.

அடுத்தது எண்ணெய். ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி தோசை சுடுவதற்கு முன்னால் எண்ணெய்க் குவளையை நிறுத்தேன், சுட்டு முடித்து மறுபடி நிறுத்தேன். 14 தோசை, 84 கிராம் எண்ணெய். தோசைக்கு 6 கிராம், அதாவது 54 கலோரி எண்ணெயில் மட்டும். செயலியில் நான் தேர்ந்தெடுத்த 'சாதா தோசை'யில் எண்ணெய் பற்றிப் பேச்சே இல்லை. அத்தை பார்த்துவிட்டு, "என்னத்தா, தராசு வச்சா தோசை சுடுற?" என்று கேட்டார். ஆனால் மாதக் கணக்கைப் போட்டுக் காட்டியதும் அவரே உட்கார்ந்து கேட்டார். நாலு பேர் வீட்டில் மாதம் 5 லிட்டர் எண்ணெய் வாங்கிக்கொண்டிருந்தோம். ஆளுக்குத் தினம் சுமார் 38 கிராம், 340 கலோரி. இதில் கடையில் வாங்கும் வடையும் பஜ்ஜியும் சேரவில்லை.

இப்போது 3 லிட்டர். பெரிய தியாகம் எதுவும் செய்யவில்லை. தாளிக்கும் கரண்டியை எடுத்துவிட்டு 5 மி.லி. ஸ்பூன் வைத்தோம். நன்றாகப் பழகிய இரும்புக்கல்லில் தோசை கொஞ்சம் எண்ணெயிலேயே எழும்பும். அந்தக் கல்லைப் பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தவர் அத்தைதான். பூரி மாதம் ஒரு நாள். தலைக்குத் தினம் 135 கலோரி குறைந்தது, யாரும் பசியோடு எழுந்திருக்கவில்லை. மூன்று வருடத்தில் நான் செய்த செலவுகளில் அந்த 400 ரூபாய்க்கு ஈடாக எதையும் சொல்ல மாட்டேன்.

செயலியின் வருடச் சந்தா அடுத்த வருடம் தானாகப் புதுப்பித்துக்கொண்டு பணத்தை எடுத்துவிட்டது. முந்தின நாள் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்திருந்தது, கவனிக்கவில்லை. திரும்பக் கேட்டும் கிடைக்கவில்லை. சந்தா கட்டுகிறவர்கள் கட்டிய அன்றே உங்கள் யுபிஐ செயலியில் 'ஆட்டோபே' பகுதிக்குப் போய் அதை நிறுத்திவிடுங்கள். இலவசப் பதிப்பில் உணவைப் பதியும் வசதி இருந்தாலே போதும்.

சரி, பேண்டுக்கு வருவோம். கையில் கட்டிய முதல் வாரம் எனக்குப் பெரும் உற்சாகம். தினம் 10,000 காலடி நடப்பது இலக்கு. பிறகுதான் படித்தேன்: அந்த எண் மருத்துவ ஆராய்ச்சியில் பிறந்ததில்லை. டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த மறுவருடம், 1965-இல், ஜப்பானில் ஒரு நிறுவனம் விற்ற அடி எண்ணும் கருவியின் பெயரே 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்ற பொருள் உடையது. அது தெரிந்ததும் மனசு லேசானது. என் உண்மையான தொடக்கம் தினம் 3,100 அடி. அதை 4,000, 5,000 என்று மாதாமாதம் ஏற்றி இப்போது 7,500-இல் வைத்திருக்கிறேன். 10,000-ஐ நோக்கி ஓடியிருந்தால் முழங்கால் வலியில் ரெண்டாவது வாரமே விட்டிருப்பேன்.

நடப்பது வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி. குளம் ஒரு பக்கம் சுமார் 305 மீட்டர், மறுபக்கம் 290 மீட்டர். ஒரு சுற்று 1.2 கி.மீ. சொச்சம். என் பேண்ட் அதை 1.5 என்று காட்டியது. உயரத்தை வைத்து அதுவாக ஒரு அடி நீளத்தை ஊகித்துக்கொண்டிருக்கிறது. அமைப்பில் போய் என் அடி 60 செ.மீ. என்று மாற்றியதும் சரியாகிவிட்டது. நீளம் தெரிந்த ஏதாவது ஒரு இடத்தில் உங்கள் பேண்டையும் இப்படிச் சோதித்துக்கொள்ளுங்கள். தேங்காய் துருவினால் அடி ஏறும், ரெண்டு கையிலும் காய்கறிப் பை தூக்கி வந்தால் ஏறாது. அதையெல்லாம் பெரிதுபடுத்த வேண்டாம். நேற்றைக்கும் இன்றைக்கும் ஒப்பிட அதே பிழையோடு அதே பேண்ட் போதும்.

ஆனால் பேண்ட் காட்டும் 'எரித்த கலோரி'யை மட்டும் தயவுசெய்து நம்பாதீர்கள். ஒரு மாலை 420 என்று காட்டியதைப் பார்த்து, உழைத்ததற்குக் கூலி மாதிரி ஒரு ஜிகர்தண்டா குடித்துவிட்டு வந்தேன். அப்படிப் பல மாலைகள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஏழு கருவிகளைச் சோதித்து 2017-இல் வெளியிட்டார்கள். இதயத் துடிப்பை ஏழில் ஆறு 5 சதவீதத்துக்குள் சரியாகச் சொன்னது. கலோரியில் இருப்பதிலேயே நல்ல கருவிக்கே 27 சதவீதப் பிழை. மோசமானதில் 93 சதவீதம். அன்றே அந்தப் பக்கத்தைத் திரையிலிருந்து எடுத்துவிட்டேன். 2016-இல் வெளியான பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் இன்னொரு ஆய்வும் எனக்கு இப்போது ஆச்சரியமாக இல்லை: ஒரே உணவு ஆலோசனை பெற்ற ரெண்டு குழுவில், உடலில் கட்டும் கருவி பெற்றவர்கள் ரெண்டு வருடத்தில் சராசரியாக 3.5 கிலோதான் குறைத்திருந்தார்கள். கருவி இல்லாதவர்கள் 5.9 கிலோ.

பேண்டால் கிடைத்த நல்லது வேறு இடத்தில். ஓய்வில் இதயத் துடிப்பு 82-லிருந்து 71-க்கு வந்ததைக் கண்ணால் பார்த்தேன். தூக்கம் சராசரி 5 மணி 20 நிமிடம் என்றது. அதில் ஆழ்ந்த தூக்கம் எவ்வளவு, கனவுத் தூக்கம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வதை நான் எடுத்துக்கொள்வதில்லை, மொத்த நேரம் மட்டும் போதும். தூங்காத மறுநாள் மதியம் கை தானாக முறுக்கு டப்பாவுக்குப் போகிறது என்பதை அந்த எண்களை வைத்துத்தான் பிடித்தேன். வெயில் காலத்தில் பட்டைக்கு அடியில் வியர்த்து அரிப்பு வரும். துணிப் பட்டை மாற்றி, தினம் கழற்றித் துடைத்தால் சரியாகிறது.

ப்ளூடூத் எடைக்கருவியும் வாங்கினேன். கொழுப்பு, தசை, எலும்பு என்று ஒரு டஜன் எண் தருகிறது. காலில் லேசான மின்சாரம் அனுப்பி உடலின் தடையை அளந்து கணக்குப் போடுகிறது. தண்ணீர் குடித்தால் மாறும், குளித்தால் மாறும். எடையை மட்டும் பார்க்கிறேன், அதையும் ஏழு நாள் சராசரியாக. சித்திரைத் திருவிழாவில் ரெண்டு நாள் விருந்து சாப்பிட்டு 1.6 கிலோ ஏறியது, நாலு நாளில் தானாக இறங்கியது. அது உப்பும் தண்ணீரும். மாதவிலக்குக்கு முந்தின வாரமும் இப்படித்தான். பெண்கள் அந்த வாரத்து எடையைப் போன மாதம் அதே வாரத்தோடு ஒப்பிட வேண்டும். இது முன்பே தெரிந்திருந்தால் எத்தனையோ நாள் அழாமல் இருந்திருப்பேன்.

இனி சொல்வதைப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கவனமாகப் படியுங்கள். 2023 தொடக்கத்தில், ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த மகள் ஒரு நாள், "அம்மா, இந்த ஒரு முறுக்குல எத்தனை கலோரி?" என்று கேட்டாள். பெருமையாகப் பதில் சொன்னேன். ரெண்டு வாரத்தில் ராத்திரிச் சாப்பாட்டை ஏதாவது காரணம் சொல்லித் தவிர்த்தாள். அவள் போனில் பார்த்தால், வயதை மாற்றிக் கொடுத்து அதே செயலியைப் போட்டு, நாளைக்கு 900 கலோரி என்று இலக்கு வைத்திருந்தாள். வளரும் பிள்ளை. என் தட்டை நான் நிறுத்ததும், சிவப்பு வட்டம் வந்த நாளில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதும் அவள் கண்ணில் பட்டிருக்கிறது.

டாக்டரிடம் கூட்டிப் போனோம், சீக்கிரமே சரியானாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் கலோரி என்ற சொல் கிடையாது. எடைக்கருவி எங்கள் அறை பீரோவுக்குள். வடித்த சோற்றை அடுப்படியிலேயே நிறுத்து முடித்துவிடுவேன், சாப்பிடும் இடத்துக்குத் தராசு வராது. சாப்பாட்டைப் பார்த்துப் பயப்படும் குணமோ, ஒளித்துச் சாப்பிடும் பழக்கமோ இருப்பவர்களுக்கு இந்த எண்ணும் செயலிகள் வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து.

2023 டிசம்பரில் மாமா ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். 112 நாள் விடாமல் பதிந்து வந்த தொடர் அறுந்து, செயலி பூஜ்யம் காட்டியது. அந்தப் பூஜ்யத்தைப் பார்க்கப் பிடிக்காமல் ஐந்து மாதம் அதைத் திறக்கவே இல்லை. 66.8 கிலோ 71.2 ஆனது அப்போதுதான்.

மீட்டது காரைக்குடியில் இருக்கும் அக்கா. அவளுக்கும் சர்க்கரை எல்லையில் நிற்கிறது. ஒவ்வொரு ஞாயிறு காலையும் வாட்ஸப்பில் மூன்று விஷயம் அனுப்பிக்கொள்வோம் என்று பேசினோம்: வாரச் சராசரி எடை, எத்தனை நாள் நடந்தோம், ராத்திரி ஒன்பதுக்கு மேல் எத்தனை நாள் சாப்பிட்டோம். திட்டக் கூடாது, அறிவுரையும் கூடாது. ஒரு வாரம் விட்டுப்போனால் பூஜ்யம் ஆகாது; "என்னடி, காய்ச்சலா?" என்று குரல் செய்தி வரும். 2024 மே முதல் இந்த ஆகஸ்ட் வரை நாலே நாலு ஞாயிறுதான் விட்டிருக்கிறேன். சென்னை டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. சர்க்கரை எல்லையில் இருந்த 537 ஆண்களில் ஒரு பாதிப் பேருக்கு உணவு, நடை பற்றிச் சாதாரணக் குறுஞ்செய்திகளை ரெண்டு வருடம் அனுப்பினார்கள். செய்தி கிடைத்தவர்களில் 18 சதவீதம் பேருக்கும், கிடைக்காதவர்களில் 27 சதவீதம் பேருக்கும் சர்க்கரை நோய் வந்தது. சாதாரண பட்டன் போனே போதுமான காரியம் அது.

இப்போது செயலியில் உணவைப் பதிவது மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, ரெண்டு வாரம் மட்டும். அளவு கண் தப்பிப் போகிறதா என்று பார்க்க அவ்வளவு போதும். போன முறை பதிந்தபோது ஒரு கிண்ணம் சாதம் மெல்ல 210 கிராமுக்கு ஏறியிருந்தது. பழையபடி 150-க்குக் கொண்டு வந்தேன். பேண்ட் பழசாகிவிட்டது, சார்ஜ் ரெண்டு நாள்தான் நிற்கிறது. அது நின்றுவிட்டால் இன்னொன்று வாங்கப் போவதில்லை, தெப்பக்குளத்தில் ஒரு சுற்றுக்கு 2,000 அடி என்பது மனப்பாடம். அக்கா போன வாரம் சமையலறைத் தராசு வாங்கிவிட்டாள். அவள் வீட்டுக் குழிப்பணியாரத்தின் எண்ணெய்க் கணக்கு இந்த ஞாயிறு வரும்.