பிறந்த குழந்தைக்குப் படுக்கை: கடையில் வாங்கும் தொகுப்பா, பழைய வேட்டித் துணியா?

எங்கள் பேத்தி பிறந்தது கத்திரி வெயில் உச்சத்தில் இருந்த மே மாதத்தில். பார்க்க வந்தவர்கள் தந்தவற்றில் மூன்று ஃப்ளீஸ் போர்வைகளும், கொசுவலை வைத்துத் தைத்த குட்டி மெத்தை ஒன்றும், தலையணையோடு பக்கத்துக்கு ஒன்றாக உருளைத் திண்டுகள் சேர்ந்த ஒரு தொகுப்பும் இருந்தன. சம்பந்தியம்மாவோ துவைத்துத் துவைத்துப் பூப்போல மெத்தென்றாகிவிட்ட ஆறு நூல் வேட்டிகளை ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்தார். இவற்றில் எதைக் குழந்தைக்குப் பயன்படுத்துவது, எதைப் பரணில் ஏற்றுவது என்று ஒவ்வொன்றையும் எடைபோட்டுப் பார்த்தோம்.

முதலில் அடியில் விரிப்பது. கொசுவலை மெத்தையின் பஞ்சணையில் உள்ளங்கையை அழுத்தி எடுத்தேன். கையின் பள்ளம் நிமிர்ந்து வரச் சில நொடிகள் பிடித்தன. பெரியவர்களுக்குச் சுகமாக இருக்கும் இந்த மென்மைதான் பச்சிளங்குழந்தைக்கு ஆபத்து. கழுத்து நிற்காத குழந்தையின் முகம் பக்கவாட்டில் திரும்பிப் பஞ்சில் புதைந்தால், அதனால் தலையைத் தூக்கி விலக்கிக்கொள்ள முடியாது. தான் விட்ட மூச்சுக்காற்றையே திரும்பத் திரும்ப இழுக்க நேரிடும். இலவம்பஞ்சு மெத்தை உடம்புக்குக் குளிர்ச்சி என்பார்கள். ஆனால் அதுவும் நாளடைவில் நடுவில் குழிந்து, ஓரங்களில் திரண்டுவிடுகிறது. சமதளப் பாயின் மேல் இரண்டாக மடித்த பவானி ஜமுக்காளம், அதன் மேல் சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகிய ஒரே ஒரு பருத்தி விரிப்பு என்ற ஏற்பாடு, கெட்டியாகவும் தட்டையாகவும் இருப்பதால் எனக்கு இவ்விரண்டையும்விட நம்பகமாகத் தெரிந்தது. தொட்டிலில் படுக்கவைப்பவர்கள் சட்டத்துக்குச் சரியாகப் பொருந்தும் கெட்டி மெத்தையாகப் பார்த்து வாங்கலாம். ஓரத்தில் கை நுழையும் இடைவெளிகூட இருக்கக் கூடாது. கொசுவலை நம் ஊரில் அவசியம். அதை மட்டும் குடைபோல விரியும் தனி வலையாக வாங்கி, குழந்தையின் மேல் தொய்ந்து விழாதபடி கவிழ்த்துவிடலாம்.

தலையணையையும் திண்டுகளையும் தயங்காமல் ஒதுக்கிவிட்டோம். முதல் ஓராண்டுக்குத் தலையணை, திண்டு, பொம்மை, தளர்ந்த போர்வை எதுவும் உறங்கும் இடத்தில் இருக்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2022-இல் புதுப்பித்த வழிகாட்டுதலில் மீண்டும் வலியுறுத்தியது. தொட்டிலின் ஓரங்களில் கட்டும் பஞ்சுத் தடுப்புகளை விற்பதற்கே அந்நாட்டில் அதே ஆண்டு சட்டம் போட்டுத் தடை விதித்தார்கள். தலை உருண்டையாக வர வேண்டுமென்று வாங்கும் கடுகுத் தலையணைக்கும் இது பொருந்தும். தினமும் தலைமாட்டையும் கால்மாட்டையும் மாற்றிப் போடுவதும், விழித்திருக்கும்போது நம் கண்பார்வையில் சற்று நேரம் குப்புறப் படுக்கவைப்பதும் தலையின் ஒரு பக்கம் தட்டையாகாமல் இருக்க உதவும்.

தூளியைப் பற்றித்தான் வீட்டில் நீண்ட பேச்சு நடந்தது. நாங்கள் எல்லோரும் தூளியில் வளர்ந்தவர்கள். அந்த ஆட்டத்தில் அழுகை அடங்குவதைப் போல் வேறெதிலும் அடங்குவதில்லை. ஆயினும் புடவையின் வளைவில் குழந்தையின் முகவாய் மார்போடு மடியும்போது மெல்லிய மூச்சுக்குழல் குறுகுகிறது, இரு பக்கத் துணியும் முகத்தை நெருங்குகிறது. எனவே பகலில் ஒருவர் பக்கத்திலேயே அமர்ந்து ஆட்டுவதென்றும், உறங்கியதும் எடுத்துத் தட்டையான படுக்கையில் மல்லாக்கக் கிடத்துவதென்றும், இரவில் தூளியே வேண்டாமென்றும் முடிவு செய்தோம். குழந்தையின் படுக்கை தாயின் படுக்கைக்குப் பக்கத்தில், ஆனால் தனியாக இருந்தது.

இனி மேலே போர்த்துவது. ஃப்ளீஸ் என்பது பாலியெஸ்டர்; வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வியர்வையையோ சிறுநீரையோ நூல் துணி போல உறிஞ்சாது. 'குளிர் தாக்கிவிடும்' என்று சென்னையின் மே மாத இரவில் அதில் குழந்தையைச் சுற்றிவைப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதறுகிறது. அதிக வெப்பம், உறக்கத்தில் நேரும் திடீர் மரணத்தின் அபாயத்தைக் கூட்டுவது. பெரியவர் ஒருவர் அதே அறையில் வசதியாக இருக்கத் தேவையான உடையைவிட அதிகபட்சம் ஓர் அடுக்கு கூடுதலாக இருந்தால் போதும். கையும் காலும் சில்லென்றிருப்பதை வைத்து முடிவு செய்யாமல், பிடரியில் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே ஈரம் பிசுபிசுத்தால் ஓர் அடுக்கைக் கழற்ற வேண்டும். வீட்டுக்குள் உறங்கும்போது தொப்பியும் வேண்டாம். குறை மாதத்திலோ எடை குறைவாகவோ பிறந்த குழந்தைகளுக்குக் கதகதப்பு கூடுதலாகத் தேவைப்படும். அவர்களுக்கு மருத்துவர் சொல்வதே கணக்கு.

வேட்டித் துணி இந்த இடத்தில்தான் வெல்கிறது. பழைய நூல் காற்றை விடும், ஈரத்தை வாங்கும், தோலை உரசாது. ஆறு வேட்டிகளின் கரைகளையும் வெட்டி நீக்கி, ஒவ்வொன்றையும் நான்காகக் கிழித்ததில் இருபத்துநான்கு துண்டுகள் கிடைத்தன; நாளொன்றுக்குப் பத்துத் தடவை நனைக்கும் குழந்தைக்கு அது தாராளம். கிழித்த ஓரத்தை மடித்துத் தைக்காமல் விடக் கூடாது. பிரிந்த நூலிழை ஒன்று கால்விரலில் சுற்றிக்கொண்டால் இரத்த ஓட்டமே தடைப்பட்டு விரல் வீங்கிவிடும். கைகளை அடக்கிச் சுற்றும்போது மார்பில் நம் இரு விரல் நுழையும் தளர்வும், இடுப்புக்குக் கீழே தவளைபோல் கால்களை மடக்கி விரிக்க இடமும் வேண்டும். கால்களை நீட்டி இறுக்கிக் கட்டுவது இடுப்பு மூட்டைக் கெடுக்கும். புரள முயலும் அறிகுறி தெரிந்ததும் சுற்றுவதை நிறுத்திவிட வேண்டும்.

அதற்குப் பிறகும், ஏசி அறையிலும், ஊட்டி, கொடைக்கானல் போன்ற ஊர்களிலும் ஜிப் வைத்த உறக்கப் பை வேட்டியைவிடச் சிறந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். தோளில் மாட்டப்படுவதால் முகத்துக்கு ஏறாது. அது எவ்வளவு கதகதப்பைப் பிடித்து வைக்கும் என்பதை டாக் (TOG) என்ற அளவால் குறிக்கிறார்கள்: பொதுவாக 24 முதல் 27 டிகிரி வரையுள்ள அறைக்கு 0.5, 16 முதல் 20 டிகிரிக்கு 2.5. கழுத்துப் பட்டி தலை நுழையும் அளவுக்குப் பெரிதாக இல்லாததாகப் பார்த்து வாங்க வேண்டும்.

மூன்று ஃப்ளீஸ் போர்வைகளில் இரண்டைக் குன்னூரில் இருக்கும் உறவினர் வீட்டுப் பெரியவர்களுக்குக் கால் போர்வையாகக் கொடுத்தனுப்பினோம். மூன்றாவது போர்வை எங்கள் காரின் பின் இருக்கையில் மடித்துக் கிடக்கிறது.