ட்யூன் செய்யாத டூப்ளெக்சருக்கு ட்யூனிங் கட்டணம்: குவாசுலு-நட்டால் ஹாம் நண்பர்கள் கவனத்துக்கு

தென்னாப்பிரிக்காவில் டர்பன், பீட்டர்மரிட்ஸ்பர்க், ஸ்டாங்கர் பக்கம் டி.எம்.ஆர். (டிஜிட்டல் குரல் முறை) ரிப்பீட்டர், அதாவது மெலிதான ரேடியோ சிக்னலை வாங்கிப் பலமாக மறுபடி அனுப்பும் நிலையம், போட யோசித்துக்கொண்டிருக்கும் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) கிளப்புகள், யாருக்கும் முன்பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். 61,400 ராண்டுக்கு ஒருவர் எங்களுக்கு என்ன விற்றார், உண்மையில் என்ன வந்து சேர்ந்தது என்பதை நடந்தபடியே எழுதுகிறேன். விவகாரம் இன்னும் முடியாததால் அவர் பெயரைப் போடவில்லை. நேரில் கேட்பவர்களுக்கு விலைச்சீட்டைக் காட்டுகிறேன்.

முதலில் அந்தப் பணம் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். 2022 ஏப்ரல் வெள்ளம் உங்களுக்கு மறந்திருக்காது. இந்த மாகாணத்தில் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பாலங்கள் போயின, கைபேசிக் கோபுரங்கள் ஊமையாயின. டோங்காட்டில் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் உடைந்து, மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் இல்லை. என் அக்கா அங்கேதான் இருக்கிறாள். நான் சாட்ஸ்வொர்த்தில். அவள் வீட்டில் எல்லோரும் பத்திரம் என்ற செய்தி ஒன்றரை நாள் கழித்து, வெருலத்தில் இருக்கும் ஒரு ஹாம் நண்பரின் ரேடியோ வழியாகத்தான் எனக்கு வந்தது. அந்த வாரமே கிளப்பில் முடிவு செய்தோம்: வடக்குக் கடற்கரைப் பகுதிக்கு ஒரு ரிப்பீட்டர், அப்புறம் மரிட்ஸ்பர்க் பக்கம் ஒன்று, டர்பனுக்கு மேற்கே ஒன்று, மூன்றையும் இணைத்து ஒரு வலை.

பணத்துக்கு இரண்டு முறை பிரியாணி விற்றோம். கோவில் மண்டபத்தில் விடிகாலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டி, எங்கள் வீட்டுப் பெண்களும் அக்கம்பக்கத்து ஆன்ட்டிகளும் சமைத்தார்கள். டிக்கெட் வாங்கியவர்களில் பாதிப் பேருக்கு ரிப்பீட்டர் என்றால் என்னவென்றே தெரியாது. “வெள்ளம் வந்தா பேச உதவும்” என்று சொன்னோம், அதை நம்பி வாங்கினார்கள். அந்தப் பணம் என்பதால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

விற்றவர் எங்கள் கூட்டத்துக்கே வந்தார். நன்றாகப் பேசுகிற மனிதர், வணக்கம் சொல்லி, பெரியவர்களிடம் குனிந்து பேசுவார். “அண்ணா, நீங்க எதையும் தொட வேண்டாம். ஸ்விட்ச் போட்டா போதும், மத்ததெல்லாம் நான் பார்த்துக்கிறேன்” என்றார். விலைச்சீட்டில் இருந்தவை: ரிப்பீட்டர், எங்கள் அலைவரிசைக்கே ட்யூன் செய்து வரைபடத்தோடு தரும் டூப்ளெக்சர் (ஒரே ஆன்டெனாவில் அனுப்பவும் கேட்கவும் உதவும் வடிகட்டிப் பெட்டி), 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி இரண்டு, ரௌட்டர், பிராண்ட்மீஸ்டர் (ரிப்பீட்டர்களை இணையம் வழியே இணைக்கும்) வலையில் பதிவு. ட்யூனிங்குக்கு மட்டும் தனியாக 2,800 ராண்ட். 70 சதவீதம் முன்பணம், மீதி பொருத்தும் நாளில்.

2023 பிப்ரவரியில் பொருத்தினார். எந்த மலை என்று சொல்லமாட்டேன். பேட்டரி திருடர்கள் இருக்கிற காலம். அன்று மலை அடிவாரத்தில் நின்று கைரேடியோவில் பேசிப் பார்த்தோம். கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. அங்கேயே மீதிப் பணத்தையும் அனுப்பிவிட்டோம்.

நாங்கள் செய்த பெரிய தவறு அதுதான். மலை அடிவாரத்தில் நின்று பேசினால் எந்த ரிப்பீட்டருக்கும் கேட்கும். தூரத்திலிருந்து வரும் பலவீனமான குரல் அதற்குக் கேட்கிறதா என்பதுதான் சோதனை.

அடுத்த ஐந்தாறு வாரம் ஒவ்வொருவராகக் குறை சொல்ல ஆரம்பித்தார்கள். காரில் 50 வாட் ரேடியோ வைத்திருந்தவர்களுக்குப் பிரச்சினை இல்லை. ஃபீனிக்ஸ், டோங்காட் வீடுகளிலிருந்து 5 வாட் கைரேடியோவில் பேசினால் குரல் துண்டு துண்டாக வரும், அப்புறம் நின்றுவிடும். டிஜிட்டலில் இது மோசமான விஷயம். பழைய எஃப்.எம். ரிப்பீட்டரில் சிக்னல் குறைந்தால் இரைச்சல் ஏறும், காது கேட்டவுடனே எங்கோ கோளாறு என்று தெரிந்துவிடும். டி.எம்.ஆரில் இரைச்சலே கிடையாது. பிழைகள் ஒரு அளவு வரை திருத்தப்பட்டுவிடும், அதைத் தாண்டினால் குரல் உடைந்து காணாமல் போகும். அதனால் ஒவ்வொருவரும் தன் ரேடியோவில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டார்கள். ஃபீனிக்ஸில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு தாத்தா, எங்களில் மூத்த ஆபரேட்டர், தன் கைரேடியோ பழுது என்று எண்ணி ஓய்வூதியப் பணத்தில் புது ஆன்டெனா வாங்கினார். அதுவும் சரிவரவில்லை என்றதும் செவ்வாய் நெட்டுக்கு (வாராவாரம் ரேடியோவில் கூடிப் பேசுவது) வருவதையே நிறுத்திவிட்டார். அதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

விற்றவரைக் கூப்பிட்டோம். “மலையில வேற டிரான்ஸ்மிட்டர் எல்லாம் இருக்கு அண்ணா, அதோட தொந்தரவு” என்றார். ஒரு மாதம் அதையே நம்பினோம்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை நானும் இன்னொரு நண்பரும் மலைக்குப் போனோம். அவர் தொலைபேசித் துறையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். டோங்காட்டில் என் அக்கா மகனைக் கைரேடியோவில் விடாமல் எண்ணிக்கொண்டே இருக்கச் சொன்னோம். ரிப்பீட்டர் 40 வாட்டில் இருந்தபோது “ஒண்ணு… …ஞ்சு…” என்று உடைந்தது. நண்பர் அனுப்பும் சக்தியை 5 வாட்டுக்குக் குறைத்தார். வேறு எதையும் தொடவில்லை. பையன் குரல் ஒன்று முதல் இருபது வரை முழுசாக வந்தது. மறுபடி 40-க்கு ஏற்றினார், மறுபடி உடைந்தது. மூன்று முறை செய்து பார்த்தோம், மூன்று முறையும் அதே கதை.

இதற்கு ஒரே அர்த்தம்தான். ரிப்பீட்டர் தன் சத்தத்தாலேயே செவிடாகியிருந்தது. ரிப்பீட்டர் ஒரே ஆன்டெனாவில், ஒரே நேரத்தில் 40 வாட்டில் பேசவும் வேண்டும், ஒரு மைக்ரோவோல்ட்டில் கால்வாசி அளவுக்கு மெலிதாக வரும் சிக்னலைக் கேட்கவும் வேண்டும். இரண்டுக்கும் நடுவே சுவர் மாதிரி நிற்பதுதான் டூப்ளெக்சர். அனுப்பும் பக்கத்தில் நாம் கேட்கும் அலைவரிசையில் ஒரு ஆழமான பள்ளம் (அந்த அலைவரிசையைத் தடுக்கும் இடம்), கேட்கும் பக்கத்தில் நாம் அனுப்பும் அலைவரிசையில் ஒரு பள்ளம். இந்த இரண்டு பள்ளமும் சரியான இடத்தில் விழ வேண்டும். அதைத்தான் ட்யூனிங் என்கிறோம்.

டூப்ளெக்சர் பெட்டியைக் கழற்றி நானோவிஎன்ஏவில் (அலைவரிசைவாரியாக அளந்து காட்டும் கைக்கருவி) பார்த்தோம். அந்தச் சின்னக் கருவியால் பள்ளத்தின் முழு ஆழத்தை அளக்க முடியாது, ஆனால் பள்ளம் எங்கே இருக்கிறது என்று காட்டிவிடும். எங்கள் அலைவரிசையிலிருந்து இரண்டு மெகாஹெர்ட்ஸுக்கு மேல் தள்ளி இருந்தது. இரண்டு பள்ளங்களுக்கும் நடுவே சரியாக 5 மெகாஹெர்ட்ஸ். அனுப்பும், கேட்கும் அலைவரிசைகளுக்கு நடுவே அது அமெரிக்காவில் வழக்கமான இடைவெளி. எங்கள் இடைவெளி அதைவிட அதிகம்.

அப்புறம் நண்பர் டார்ச் அடித்து ட்யூனிங் திருகுகளைக் காட்டினார். ஒவ்வொரு திருகின் மேலும் தொழிற்சாலையில் வைத்த சிவப்பு அரக்கு அப்படியே இருந்தது, ஒன்றில்கூட விரிசல் இல்லை. யாரும் ஒரு திருகைக்கூடத் தொடவில்லை.

விற்றவர் கொடுத்த வரைபடத் தாளை வீட்டுக்கு வந்து எடுத்துப் பார்த்தேன். அழகான கோடு, ஆழமான பள்ளம். கீழே இருந்த எண்களைப் பார்த்தால் அது எங்கள் அலைவரிசையே இல்லை. தாளை வாங்கிய அன்று நான் பள்ளத்தைத்தான் பார்த்தேன், எண்ணைப் பார்க்கவில்லை. தயவுசெய்து நீங்கள் எண்ணைப் பாருங்கள்.

பேட்டரி விஷயம் ஜூனில் வெளிவந்தது. அந்த வருஷம் லோட்ஷெடிங் (முறைவைத்து மின்வெட்டு) ஸ்டேஜ் 6 வரை போய்க்கொண்டிருந்தது, ஆனால் இரண்டு, நான்கு மணி நேர இருட்டையெல்லாம் பேட்டரி தாங்கியது, சந்தேகமே வரவில்லை. பிறகு யாரோ கேபிளை வெட்டிக்கொண்டு போனார்கள். மலைக்கு மூன்று நாள் மின்சாரம் இல்லை. சராசரியாக 3 ஆம்பியர் இழுக்கும் நிலையத்தில் இரண்டு 100 ஆம்பியர்-மணி பேட்டரி 60 மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும். 26 மணியில் நின்றுவிட்டது. இறக்கிக் கொண்டுவந்து, ஒன்றில் இரண்டு 55 வாட் கார் பல்புகளை மாட்டினேன், சுமார் 9 ஆம்பியர். 4 மணி 40 நிமிடத்தில் அணைந்தது. கணக்குப் போட்டால் 42 ஆம்பியர்-மணி. மேலே ஒட்டியிருந்த தாளில் 100. சமையலறைத் தராசில் வைத்தேன், 6.3 கிலோ. இந்த வகையில் உண்மையான 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி பேட்டரி வழக்கமாக இதைவிட நிறைய கனமாக இருக்கும். தூக்கிப் பார்த்தபோதே தெரிந்திருக்க வேண்டும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். முதலில், “உங்க ஆளுங்க திறந்துட்டீங்க, வாரண்டி போச்சு.” இரண்டாவது கடிதத்துக்குப் பதிலே இல்லை. மூன்றாம் நாள் எங்கள் ரிப்பீட்டர் வலையிலிருந்து காணாமல் போனது.

இதை எல்லோரும் கவனிக்க வேண்டும். 655 என்று தொடங்கும் எங்கள் ரிப்பீட்டர் எண்ணை விற்றவர் தன் அழைப்புக்குறியோடு (ஹாம் உரிமத்தில் வரும் அடையாள எழுத்துகள்) சேர்த்துப் பதிவு செய்திருந்தார். வலையின் கடவுச்சொல் அவரிடம், ரௌட்டரின் கடவுச்சொல்லும் அவரிடம். ‘எதையும் தொட வேண்டாம்’ என்று அவர் சொன்னதற்கு அர்த்தம் அன்றுதான் புரிந்தது. உள்ளூர்ப் பேச்சு மட்டும் நடந்தது, மரிட்ஸ்பர்க்கோடு இருந்த இணைப்பு அறுந்துபோனது. மழையில் மலையேறி ரௌட்டரின் ரீசெட் பொத்தானை அழுத்தி எல்லாவற்றையும் முதலிலிருந்து போட்டோம். உரிமத்தைக் காட்டி, கிளப்பின் அழைப்புக்குறியில் புது எண் வாங்கினோம். இரண்டு வாரம் வீணானது.

சட்டப் பக்கத்தில் நாங்கள் தெரிந்துகொண்டது இரண்டு. 2008-ஆம் ஆண்டின் 68-ஆவது சட்டமான நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், 56-ஆவது பிரிவின்படி, கோளாறான பொருளை வாங்கிய ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்து, பழுது பார்க்கவோ மாற்றித் தரவோ பணத்தைத் தரவோ கேட்கலாம். எங்கள் கடிதம் ஜூலையில் போனதால் கெடுவுக்குள் வந்தது. பிரிவைக் குறிப்பிட்டு எழுதிய பிறகுதான் பேட்டரிப் பணம் திரும்பி வந்தது. டூப்ளெக்சர் பணமும் ட்யூனிங் பணமும் இதுவரை வரவில்லை.

இன்னொன்று எங்களுக்கு வலித்தது. ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டுக்குப் போகலாம் என்று போனேன். 20,000 ராண்ட் வரை வக்கீல் இல்லாமல் கேட்கலாம். ஆனால் அங்கே வழக்குப் போட தனி மனிதரால்தான் முடியும், சங்கமோ கம்பெனியோ போட முடியாது. எங்கள் ரசீது கிளப் பெயரில். கிளார்க் அம்மா பொறுமையாகத்தான் சொன்னார்கள், ஆனாலும் வெறுங்கையோடு திரும்பினேன். கிளப் பெயரில் ரசீது வாங்குவதுதான் முறை, அதை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கதவு மூடியிருக்கிறது என்று தெரிந்துகொண்டு, பணத்தைக் கையில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பொருத்திய அன்றே மீதியைக் கொடுக்காதீர்கள். உங்கள் பகுதியில் மிகத் தூரத்தில் இருக்கும் கைரேடியோ, ரிப்பீட்டர் முழுச் சக்தியில் ஓடும்போது தெளிவாகக் கேட்ட பிறகு கொடுங்கள். ‘அலைவரிசை ஒதுக்கீடு, ஐகாசா (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) உரிமம் எல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன்’ என்று யாராவது சொன்னாலும் விண்ணப்பம் உங்கள் கையால், உங்கள் பெயரில் போகட்டும்.

டூப்ளெக்சரை நண்பர் இரவல் ஸ்பெக்ட்ரம் அனலைசரில் இரண்டு மாலை உட்கார்ந்து ட்யூன் செய்தார். மலிவான பெட்டிதான், வெயிலில் கொஞ்சம் நகர்கிறது, ஆனால் இப்போது டோங்காட் கைரேடியோ 40 வாட்டிலும் கேட்கிறது. ஃபீனிக்ஸ் தாத்தா வீட்டுக்கு நானே போய், “தாத்தா, உங்க ரேடியோல ஒண்ணும் இல்ல, தப்பு எங்க பக்கம்” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதே மனிதர் இப்போது மாகாணத்தின் வடக்கில் இன்னொரு கிளப்பிடம் இதே தொகுப்பைப் பேசிக்கொண்டிருக்கிறார் என்று கேள்விப்படுகிறேன். அந்த கிளப்பில் இருப்பவர்கள் இதைப் படித்தால், செவ்வாய் இரவு எட்டு மணி நெட்டில் என்னைக் கூப்பிடுங்கள். நானோவிஎன்ஏ, டம்மி லோட் (ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டிச் சோதிப்பது), கார் பல்பு, தராசு எல்லாவற்றையும் வண்டியில் போட்டுக்கொண்டு வருகிறேன்.