ஒரே விளக்கில் ஒரு முகம்: சுங்கை சிப்புட் ஸ்டூடியோ வகுப்பு எப்படி?

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் கடை வரிசையில், மாடியில் இயங்கும் ஸ்டூடியோ ஒன்று சனி, ஞாயிறு இரண்டு நாளும் உருவப்பட வகுப்பு நடத்துகிறது. கட்டணம் 380 வெள்ளி, மதியச் சாப்பாடு சேர்த்தி. ஒரு வகுப்புக்கு எட்டுப் பேர். கேமராவை நாம் கொண்டுபோக வேண்டும். பிளாஷ் விளக்கு, ஸ்டாண்ட், கேமராவிலிருந்து பிளாஷை வெடிக்கவைக்கும் டிரிகர் எல்லாம் அவர்களுடையது. ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் அலையாமல், முழுக்கத் தமிழில் இதைக் கற்றுக்கொள்ள முடிவதே இந்த வட்டாரத்துக்குப் பெரிய காரியம். முதல் நாள் பாடம் கொடுத்த காசுக்கு மேலேயே பெறும். இரண்டாம் நாள் அந்தத் தரத்தில் இல்லை.

இந்த வகுப்பு யாருக்குப் பயன்படும் என்றால், கல்யாண மண்டபத்தில் கேமராமேல் பிளாஷை மாட்டிப் படம் எடுத்துப் பழகியவர்களுக்கு. பூப்புனித நீராட்டு, பட்டமளிப்பு அங்கி, அறுபதாம் கல்யாணம் என்று ஸ்டூடியோ வேலை வந்தால் அவர்களில் பலர் தடுமாறுகிறார்கள். தீபாவளி வந்தால் இன்னும் சிரமம். எல்பில், ஹீவூட், டோவன்பி என்று தோட்டங்களில் வளர்ந்து வெளியூரில் குடியேறிய பிள்ளைகள் வீடு திரும்புவார்கள். தாத்தா பாட்டி முதல் கைக்குழந்தை வரை ஒரே படத்தில் வேண்டும் என்பார்கள்.

முதல் நாள் முழுக்க ஒரே விளக்குதான். இரண்டாவது விளக்கைத் தொட விடுவதில்லை. இது மிகச் சரியான முடிவு. ஒற்றை விளக்கின் நிழலைப் படிக்கத் தெரியாதவர் இரண்டாவதை வைத்தால் மூக்குக்கு இரண்டு நிழல் விழும், அவ்வளவுதான். ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்வு) 100, ஷட்டர் 1/125 வினாடி, எஃப் (லென்ஸ் துளையின் அளவு) 8 என்று வைத்துக்கொண்டு, பிளாஷை அணைத்துவிட்டு முதல் படத்தை எடுக்கச் சொல்கிறார்கள். படம் முழுக் கறுப்பாக வர வேண்டும். அப்படி வந்தால்தான் கூரை விளக்கின் வெளிச்சம் படத்தில் கலக்கவில்லை என்று அர்த்தம். லேசாக ஏதாவது தெரிந்தால் கூரை விளக்கை அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் தோலில் பச்சையோ மஞ்சளோ ஏறிவிடும். அதன்பிறகு ஷட்டரை 1/400க்கு ஏற்றி ஒரு படம். பெரும்பாலான கேமராக்களில் இப்போது படத்தின் ஒரு பக்கம் கறுப்புப் பட்டை விழும். ஷட்டரில் ஒரு திரை திறக்கும், இன்னொன்று பின்னாலேயே மூடிவரும்; பிளாஷ் வெடிக்கும் நேரத்தில் அந்த இரண்டாம் திரை மூடத் தொடங்கிவிடுவதுதான் காரணம். 1/200 வரை தாங்கும் கேமராவாக இருந்தாலும், மலிவான டிரிகர் கொஞ்சம் தாமதிக்கும் என்பதால் 1/160 அல்லது 1/125இல் நிற்பதே பாதுகாப்பு. இதையெல்லாம் வாயால் சொல்லிவிட்டுப் போகாமல் ஒவ்வொருவர் கேமராவிலும் காட்டுகிறார்கள்.

விளக்கின் பலம் 400 வாட்-செகண்ட், அதன்மேல் வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிக்கூடான 120 செ.மீ. எண்கோண சாஃப்ட்பாக்ஸ். முகத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பதற்கு ஸ்டாண்டில் ஒரு நூல் கட்டி, 1.2 மீட்டரில் முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். சாஃப்ட்பாக்ஸ் எவ்வளவு அகலமோ ஏறக்குறைய அவ்வளவு தூரத்தில் வைத்தால் நிழல் மென்மையாக விழும், வெளிச்சமும் முகத்தில் சீராகப் பரவும். ஆள் மாறினாலும் முடிச்சை மூக்குக்கு நேராகப் பிடித்தால் அளவு மாறாது, ஒவ்வொரு முறையும் பவரைத் திருப்பிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வீட்டில் பழகுகிறவர்களும் முதலில் செய்ய வேண்டியது இந்த நூல்தான்.

பின்திரை கறுப்பதும் வெளுப்பதும் தூரத்தால்தான் என்பதை ஒரே சாம்பல் காகிதத்தில் காட்டிய விதம் அருமை. விளக்கிலிருந்து முகம் 1 மீட்டர், காகிதம் 2 மீட்டர். காகிதத்தில் விழும் வெளிச்சம் நாலில் ஒரு பங்கு, அதாவது இரண்டு ஸ்டாப் குறைவு (வெளிச்சம் பாதியானால் ஒரு ஸ்டாப்). விளக்கை மட்டும் இன்னும் ஒரு மீட்டர் பின்னுக்கு நகர்த்தி, முகத்துக்குத் தக்கபடி பவரைக் கூட்டினால் வித்தியாசம் ஒரு ஸ்டாப்புக்குச் சற்று மேல்தான். அதே காகிதம் இப்போது வெளிர் சாம்பலாகத் தெரிகிறது. கறுப்பு, சாம்பல், வெள்ளை என்று மூன்று சுருள் வாங்கி அடுக்க நினைப்பவர்கள் இந்த அரை மணி நேரப் பாடத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

நிழல் வடிவங்களில் மூன்றைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். விளக்கைப் பக்கவாட்டில் 45 பாகையும் கண் மட்டத்துக்கு மேலேயும் வைத்தால், மூக்கின் நிழல் சிறிய வளையமாகக் கன்னத்தில் சாயும். அது உதட்டைத் தொடக் கூடாது. இன்னும் பக்கவாட்டில் போனால் மூக்கு நிழலும் கன்ன நிழலும் சேர்ந்து, நிழல் பக்கக் கண்ணுக்குக் கீழே முக்கோணமாக ஒரு வெளிச்சம் மட்டும் மிஞ்சும். 17ஆம் நூற்றாண்டு ஓவியர் ரெம்பிராண்ட் பெயரால் அழைக்கப்படுவது இதுதான். முக்கோணம் கண்ணைவிட அகலமாகவோ மூக்கைவிட நீளமாகவோ இருக்கக் கூடாது. மூன்றாவது, விளக்கை நேர் எதிரே உயர வைப்பது. மூக்குக்குக் கீழே பட்டாம்பூச்சி போல ஒரு நிழல் விழும். கன்ன எலும்பு எடுப்பானவர்களுக்கு இது பொருந்தும்; கண் குழிந்த பெரியவர்களுக்குப் பொருந்தாது, கண் இருண்டுபோகும். எந்த வடிவமாக இருந்தாலும் கருவிழியில் ஒரு வெளிச்சப் புள்ளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் விளக்கு அளவுக்கு மீறி ஏறிவிட்டது, இறக்குங்கள்.

இந்த வகுப்பைப் பரிந்துரைக்க எனக்கு முதல் காரணம், நம் நிறத்துக்கு வெளிச்சம் வைப்பதை ஒழுங்காகச் சொல்லித்தருவது. கறுத்த முகம் இருட்டாகத் தெரிகிறது என்று பவரை ஏற்றுகிறவர்கள்தான் அதிகம். அப்போது வேட்டியும் சட்டையும் வெந்து வெள்ளைத் திட்டாகிவிடும், முகமும் தன் நிறத்தை இழக்கும். இங்கே கையில் பிடிக்கும் லைட் மீட்டரைத் தாடைக்குக் கீழே, விளக்கைப் பார்த்தபடி வைத்து அளக்கக் கற்றுத்தருகிறார்கள். அது விழுகிற வெளிச்சத்தை அளக்கிறது. எதிரே இருப்பவர் கறுப்பா சிவப்பா என்பது அதற்குத் தேவையில்லை. கறுத்த தோலின் அழகு அதன் மினுமினுப்பில் இருக்கிறது. சின்ன விளக்கு நெற்றியில் வெள்ளைப் பொட்டாக அடிக்கும், பெரிய சாஃப்ட்பாக்ஸ் அதே மினுப்பைக் கன்னம் முழுக்கப் பரப்பும். வியர்வையைப் பவுடர் போட்டு மறைக்காமல் டிஷ்யூவால் ஒற்றி எடுக்கச் சொல்வதும் சரி. பவுடர் சாம்பல் பூத்ததுபோல் படத்தில் தெரியும். முகத்தை வெளுப்பாக்கித் தரச் சொல்லி வாடிக்கையாளர் கேட்டாலும் கணினியில் அதைச் செய்யாதீர்கள் என்று வகுப்பில் வெளிப்படையாகவே சொல்கிறார்கள். இதற்காகவே அவர்களைப் பாராட்ட வேண்டும்.

வேட்டிக்கு வழி, சாஃப்ட்பாக்ஸைக் கொஞ்சம் உயர்த்தி மேல்நோக்கிச் சாய்ப்பது. முகத்தில் அதன் விளிம்பு வெளிச்சம் படும், இடுப்புக்குக் கீழே குறைந்துகொண்டே போகும். தங்க நகை வேறு கதை. தங்கம் தன் எதிரே இருப்பதைத்தான் காட்டும். எதிரே இருட்டு அறை இருந்தால் ஆரம் கறுத்துத் தெரியும். விளக்கை எவ்வளவு கூட்டினாலும் பயனில்லை. எழுதுபொருள் கடையில் கிடைக்கும் வெள்ளை அட்டையை மார்புக்குக் கீழே, படச் சட்டத்துக்குச் சற்று வெளியே சாய்த்துப் பிடித்தால் ஆரத்தின் ஒவ்வொரு மணியும் மஞ்சளாக எழும்பும். அட்டையை எடுத்தும் வைத்தும் இரண்டு படம் காட்டினார்கள். பார்த்த எவரும் மறக்க மாட்டார்கள்.

அறையில் ஒரு குறை. இடது சுவர் வெளிர் பச்சை. கறுப்புத் துணியைப் பாதி வரைதான் தொங்கவிட்டிருக்கிறார்கள். முழு உருவப் படத்தில், நிழல் பக்கத்துக் கழுத்திலும் கையிலும் பச்சை ஏறுகிறது. கேமராவில் வெள்ளைச் சமநிலையை (நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பை) மாற்றினால் வெளிச்சப் பக்கம் சிவந்துபோகும், பச்சை போகாது. துணியைத் தரை வரை இழுத்துவிட வேண்டும், அல்லது சுவருக்குச் சாம்பல் சாயம் அடிக்க வேண்டும்.

இரண்டாம் நாள் காலை இரண்டாவது விளக்கு வருகிறது, தலைமுடிக்குப் பின்னாலிருந்து. கறுப்புத் திரையில் கறுப்பு முடி கலக்காமல் பிரித்துக்காட்ட இது வேண்டும். ஆனால் மல்லிகைச் சரத்தை அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. முடிக்குச் சரியாக இருக்கும் அளவு பூவுக்கு மிகை. சரம் முழுவதும் வெள்ளைக் கோடாகிவிடுகிறது. பின்விளக்கை முன்விளக்கைவிட ஒரு ஸ்டாப் குறைத்து, வெளிச்சம் சிதறாமல் தடுக்கும் தேன்கூட்டு வலை மாட்டி, சரம் இல்லாத பக்கத்துக்குத் திருப்பியிருந்தால் பூவின் இதழ் தெரிந்திருக்கும்.

பிறகு நிற்க வைக்கும் பாடம். சுவரில் முப்பதுக்கு மேற்பட்ட மாதிரிப் படங்கள், எல்லாம் வெளிநாட்டு மாடல்கள், கவுனிலும் ஜீன்ஸிலும். ஒன்றுகூடப் புடவையில் இல்லை. அடிப்படை சரியாகத்தான் சொல்கிறார்கள்: உடம்பைக் கேமராவிலிருந்து சற்றுத் திருப்பி, எடையைப் பின்காலில் போட்டு, கைக்கும் இடுப்புக்கும் நடுவே இடைவெளி விடுவது, கையின் புறங்கையைக் காட்டாமல் சுண்டுவிரல் ஓரத்தைக் காட்டுவது, முழங்கை, மணிக்கட்டு, முழங்கால் மூட்டில் படத்தை வெட்டாமல் இருப்பது, ஆமை ஓட்டிலிருந்து தலையை நீட்டுவதுபோலத் தாடையை முன்னே கொண்டுவந்து கொஞ்சம் இறக்குவது. இவை கவுனுக்கு முழுக்கப் பொருந்தும். பட்டுப்புடவை கட்டி, மாலை போட்டு, நெத்திச்சுட்டி வைத்தவருக்கு அப்படியே பொருந்தாது.

பின்காலில் எடை போட்டு முன்முழங்காலை மடக்கினால் கொசுவம் புடைத்து உடையும். புடவைக்கு முழங்காலை லேசாகத் தளர்த்தி, கால் நுனியை மட்டும் திருப்பினால் போதும், கொசுவம் நேர்கோடாக விழும். இடது தோளை முன்னே கொண்டுவந்தால் முந்தானை ஜரிகை தெரியும், ஆனால் இடுப்பு திறந்திருப்பதும் அதே பக்கம்தான். அங்கே ஒரு பின் குத்திவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். தலையைச் சாய்த்தால் நெத்திச்சுட்டி வகிட்டை விட்டு நழுவும். ஆகையால் தலையைச் சாய்க்காமல் இடுப்பிலிருந்து உடம்பைச் சாய்க்கச் சொல்ல வேண்டும், சுட்டிக்கும் முடியோடு ஒரு ஊசி போட வேண்டும். மாலை போட்டவரிடம் தாடையை இறக்கச் சொல்லாதீர்கள், கழுத்தே காணாமல் போகும். முன்னே நீட்டினால் மட்டும் போதும். மாலையையும் தோளுக்கு வெளியே விரித்துப் பின்னால் ஊக்கு மாட்டுங்கள். மருதாணிக் கை என்றால் சுண்டுவிரல் ஓர விதியை விட்டுவிட்டு உள்ளங்கையைத் திறந்து காட்ட வேண்டும். ஜரிகைக்கு நேர் எதிர் வெளிச்சம் ஆகாது. விளக்கு பக்கவாட்டிலிருந்து துணியை உரசினால்தான் நெசவு தெரியும். இவற்றில் ஒன்றுகூடப் பாடத்தில் வரவில்லை. நம் ஊரில் ஸ்டூடியோ வேலையில் பெரும்பங்கு புடவையும் வேட்டியும்தான் என்பதால் இது சின்ன விடுபடல் இல்லை.

மூக்குக் கண்ணாடிக்கு ஒதுக்கிய நேரமும் போதாது. விளக்கை உயர்த்துவதோடு நிறுத்திக்கொண்டார்கள். கண்ணாடிக் காலைக் காதுக்குமேல் அரை செ.மீ. தூக்கிவிட்டால் கண்ணாடி கீழ்நோக்கிச் சாய்ந்து பளிச்சிடல் தரைக்குப் போய்விடும், வெளியே தெரியாது. பெரியவர்களை உட்காரவைக்கும்போது கூன் தெரியாமலிருக்க, நாற்காலியின் முன்பாதியில் அமர்த்தி முதுகுக்குப் பின்னால் தலையணை வைக்கலாம். "நிமிர்ந்து உட்காருங்க" என்றால் அவர்களுக்குத் தோள்தான் ஏறும். "மூக்கை என் விரல் பக்கம் கொண்டுவாங்கம்மா" என்று விரலைக் காட்டினால் தலை தானாகத் திரும்பும்.

குடும்பப் படத்துக்குக் கடைசி ஒரு மணி நேரம்தான். மூன்று வரிசை நின்றால் முன் வரிசைக்கும் பின் வரிசைக்கும் ஒன்றரை மீட்டர் வித்தியாசம் வந்துவிடும். முன் வரிசையிலிருந்து விளக்கு 1.5 மீட்டரில் இருந்தால் பின் வரிசை இரண்டு ஸ்டாப் இருண்டு போகும். 4 மீட்டருக்குத் தள்ளினால் ஒரு ஸ்டாப்புக்குள் அடங்கும். பவர் போதாமல்போகும், அதனால் ஐ.எஸ்.ஓ.வை 400க்கு ஏற்றிக்கொள்ள வேண்டும். விளக்கை உயர்த்தாவிட்டால் முன்னே நிற்பவர் தலை நிழல் பின்னே நிற்பவர் முகத்தில் விழும். அந்த மாடி அறையில் கூரை தாழ்வு என்பதால் இதைக் காட்டவே முடியவில்லை. கண் சிமிட்டலுக்கு அவர்கள் சொன்ன வழி நல்லது: எல்லாரும் கண்ணை மூடி, மூன்று எண்ணியதும் திறக்க, உடனே ஒரு படம்.

எட்டுப் பேரும் ஒரே இடத்தில் மாறி மாறி எடுப்பதால் காத்திருக்கும் நேரம் அதிகம். நாலு நாலு பேராகப் பிரித்து இரண்டு இடத்தில் நடத்த அறையில் இடம் இருக்கிறது. பதிவு செய்யும்போதே இதைக் கேளுங்கள்.

வகுப்பு முடிந்ததும் இரண்டு விளக்கு செட் வாங்க ஆசை வரும். ஒரு பிளாஷ், 120 செ.மீ. சாஃப்ட்பாக்ஸ், கனமான ஸ்டாண்ட், அதன் காலில் போட மணல்பை, வெள்ளை அட்டை இரண்டு. ஆரம்பத்துக்கு இதுவே போதும். இணையத்தில் வாங்கினால் 230 வோல்ட்டுக்கு ஏற்றதா, மூன்று முனை பிளக் வருகிறதா என்று பாருங்கள். நம் ஈரக்காற்றில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும், ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டில் நிற்கும் உலர்பெட்டிக்கும் கொஞ்சம் காசு எடுத்துவையுங்கள். வகுப்பில் ஸ்டூடியோ ஏற்பாடு செய்யும் மாடல் பேன்ட், சட்டையில்தான் வருகிறார். முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்து ஒருவரைப் பட்டுப்புடவையில், பூவும் நகையுமாக அழைத்துப்போங்கள். கேட்டால் அவரை வைத்தும் எடுக்க விடுகிறார்கள்.