தூளியா, பாயா, கொசுவலை மெத்தையா? பச்சைப் பிள்ளை தூங்க எது சரி?

ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையோடு வந்து இறங்கிய அன்றே வீடு கட்சி பிரிந்துவிடும். பாட்டி பழைய நூல் சேலையை எடுத்துக்கொண்டு உத்தரத்துக் கொக்கியைத் தேடுவார். சித்தி, தான் வாங்கி வந்த கொசுவலை மெத்தையைப் பிரிப்பார். பெற்றவளோ, "என் பக்கத்துலயே கிடக்கட்டுமே" என்பாள். மூன்று பேர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் முதல் சில வாரங்களுக்கு மூன்று இடமும் சமமில்லை.

தூளியிலிருந்தே ஆரம்பிக்கலாம், சண்டை பெரும்பாலும் அதைச் சுற்றித்தான். செலவே இல்லை. நனைந்தால் அவிழ்த்துத் துவைத்துவிடலாம். எறும்பு, பூச்சி பயம் குறைவு. வயிற்றுக்குள் இருந்தபோது அம்மா நடக்க நடக்க ஆடிப் பழகிய பிள்ளை என்பதால், இரண்டு ஆட்டு ஆட்டினாலே கண் சொருகிவிடும். இத்தனை இருந்தும் முதல் வாரங்களில் தூளிக்கு நான் இரண்டாம் இடம்தான் தருவேன்.

காரணம் அதன் குழிவு. பிறந்த குழந்தைக்குக் கழுத்து நிற்காது, தலையோ உடம்பின் அளவுக்குக் கனம் அதிகம். குழிந்த துணியில் முதுகு வளைந்தால் தாடை நெஞ்சில் போய் முட்டும். அந்த மடிப்பில் சின்ன மூச்சுக்குழல் குறுகிவிடும். அப்போது பிள்ளை அழவேண்டும் என்றில்லை, சத்தமே வராமல் போகலாம். சேலை இரு பக்கமும் மூடியிருப்பதால் தள்ளி நிற்பவருக்கு முகமும் தெரியாது. அமெரிக்காவில் 10 டிகிரிக்கு மேல் சாய்வுள்ள குழந்தைப் படுக்கைகளை விற்கக்கூடாது என்று 2022-இல் சட்டமே வந்தது. நம் தூளிக்காக வந்த சட்டம் அல்ல, ஆனால் தாடை மடிவது என்ற ஆபத்து இரண்டுக்கும் பொது.

இன்னொன்றும் உண்டு. பிறந்த முதல் வாரத்தில் பல குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை எட்டிப் பார்க்கும், 3 முதல் 5 நாளில் கூடுதலாகத் தெரியும். முகத்தையும் கண்ணின் வெள்ளையையும் பகல் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய நாட்கள் அவை. சேலை நிழலுக்குள் கிடக்கும் பிள்ளையிடம் அது பிடிபடாது.

வழக்கத்தைக் காட்டி வாதாடுபவர்களிடம் வழக்கத்தையே காட்டலாம். பல குடும்பங்களில் தொட்டில் போடுவதற்கென்று 11, 16, 30 என வீட்டுக்கு வீடு ஒரு நாள் கணக்கு இருக்கிறது. அதுவரை குழந்தை கீழேதான் கிடக்கும். முதல் நாளே தூளி கட்டத் துடிப்பதற்கு அந்த வீடுகளின் சம்பிரதாயமும் துணைக்கு வராது.

சரி, கட்டியே தீருவோம் என்றால் நூல் சேலையில் கட்டுங்கள், பாலியஸ்டர் முடிச்சு வழுக்கும். சேலை குறுகி மூடாமல் இருக்க நடுவே தொட்டில் கட்டை கொடுங்கள். தரையிலிருந்து அதிக உயரம் வேண்டாம். தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிறதா என்று கையை விட்டே பாருங்கள். விழித்திருக்கும் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும், பிள்ளை தூங்கியதும் எடுத்துச் சமதரையில் போட்டுவிட வேண்டும். இரவுக்குத் தூளி வேண்டவே வேண்டாம். சிசேரியன் ஆனவளுக்கு நடு இரவில் எழுந்து, குனிந்து, பிள்ளையைத் தூக்குவது எப்படி வலிக்கும் என்று அவளைத்தான் கேட்க வேண்டும்.

அடுத்தது அம்மாவின் பக்கம். ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் குடிக்கும் குழந்தைக்கு இதைவிட வசதி இல்லை. ஆனால் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்வது, ஒரே அறை, தனித்தனிப் படுக்கை, குறைந்தது முதல் 6 மாதம். கெட்டியான கோரைப்பாயில் படுக்கும் வீட்டில் பஞ்சுமெத்தையில் புதையும் ஆபத்தோ, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே சிக்கும் ஆபத்தோ இல்லை. அதற்காகப் பாய் முழுப் பாதுகாப்பு என்று அர்த்தமில்லை. படுக்கையில் இருப்பவர் புகைபிடிப்பவராகவோ குடித்தவராகவோ தூக்கம் வரும் மாத்திரை போட்டவராகவோ இருந்தால், அல்லது பிள்ளை குறைமாதமாகவோ 2.5 கிலோவுக்குக் கீழாகவோ பிறந்திருந்தால், ஒரே படுக்கை கூடவே கூடாது. சோபாவில் பிள்ளையை மார்பில் போட்டபடி கண்ணயர்வதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

ஆக, கொசுவலை மெத்தை. கேலிக்கு ஆளாகும் இந்தக் குடை மெத்தைதான் என் முதல் தேர்வு, ஒரு திருத்தத்தோடு. அதோடு வரும் குட்டித் தலையணையையும் இரு பக்க உருளைத் திண்டுகளையும் எடுத்து அலமாரியில் வைத்துவிடுங்கள். தலை உருண்டையாக வரும் என்று வைக்கிற கடுகுத் தலையணைக்கும் அதே இடம்தான். மெத்தையை அமுக்கிப் பாருங்கள், கை புதைந்தால் அது வேண்டாம், நான்காக மடித்த பருத்திப் போர்வையை வலைக்குள் இறுக்கமாக விரித்தாலே போதும். தமிழக அரசு 2015-இல் தொடங்கிய அம்மா குழந்தை நலப் பரிசுப் பெட்டகத்தின் 16 பொருட்களில் கொசுவலையும் இருந்தது. டெங்கு கொசு பகலில் கடிப்பது, அதனால் வலை பகல் தூக்கத்துக்கும் வேண்டும். கொசுவர்த்திப் புகை பச்சைப் பிள்ளை இருக்கும் அறையில் ஆகாது.

இந்த மெத்தையை அம்மாவின் பாய்க்கு ஒரு முழம் தள்ளிப் போட்டால் கை நீட்டினால் பிள்ளை, ஆனால் படுக்கை தனி.

எங்கே போட்டாலும் மல்லாக்கத்தான் போட வேண்டும். "கக்கினால் மூச்சுக்குழலுக்குள் போயிடுமே" என்று பாட்டிகள் பதறுவார்கள், நியாயமான பயம்தான். ஆனால் மல்லாந்து கிடக்கையில் மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் கீழேயும் இருக்கும். மேலே வரும் பால் மேட்டில் ஏறித்தான் மூச்சுக்குழலுக்குள் போக வேண்டும். குப்புறப் போட்டால் இது தலைகீழ். அமெரிக்காவில் 1994-இல் மல்லாக்கப் படுக்க வைக்கும் பிரசாரம் தொடங்கிய பிறகு, தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை அடுத்த பத்தாண்டுக்குள் ஏறத்தாழ பாதியானது. தலை தட்டையாகும் என்ற கவலைக்கு, விழித்திருக்கும்போது கண்ணெதிரே கொஞ்ச நேரம் குப்புறப் போடுங்கள், தூங்கும்போது முகம் திரும்பும் பக்கத்தை மாற்றிக்கொண்டே இருங்கள்.

மின்சாரத்தில் தானே ஆடும் தொட்டிலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தூளியின் குழிவு அதிலும் இருக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டும் ஆள் மட்டும் இல்லை. யாராவது அதைப் பரிசாகத் தர முன்வந்தால், அதற்குப் பதில் இரவில் இரண்டு மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வரச் சொல்லுங்கள். பெற்றவள் அந்த நேரமாவது தூங்குவாள்.